சோலைக்காட்டு மஞ்சள் காளான் புதிய சிற்றினம்தானா? உறுதி செய்வது எப்படி?

கேள்வி: வால்பாறைக்கு அருகே, எங்கள் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சோலையில், ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவமழையின்போது சிறிய மஞ்சள் காளான் ஒன்று முளைக்கிறது. குடையின் அகலம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போவதில்லை. கைப்பேசிச் செயலி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயரைச் சொல்கிறது; இணையத்தில் தேடியும் இதைப் போன்ற படம் கிடைக்கவில்லை. இதைப் புதிய சிற்றினமாக அறிவித்து, மறைந்த என் பாட்டியின் பெயரை வைக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் காளான் புதியதாக இருக்க வாய்ப்பு உண்டு. இதுவரை பெயரிடப்பட்ட பூஞ்சைகள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம்தான். உலகில் 22 முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்பது 2017இல் வெளியான ஒரு மதிப்பீடு. ஆனால் இணையத்தில் படம் இல்லை என்பதைப் புதுமைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பெயர் பெற்றுவிட்ட வெப்பமண்டலக் காளான்கள் பலவற்றுக்கு இன்றும் ஒரு நல்ல ஒளிப்படம் கிடையாது. ஆகவே, ஏற்கெனவே உள்ள பெயர்களில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை என்று காட்டுவதே உங்கள் முன் உள்ள வேலை. அதற்கு அடிப்படை, முறையாக உலர்த்திப் பாதுகாக்கப்பட்ட காளான்; படம் அதற்குத் துணை மட்டுமே.

மஞ்சள் காளான் என்றதும் முதலில் விலக்க வேண்டியது லூக்கோகாப்ரினஸ் பிர்ன்பாமியை என்னும் இனம். பூந்தொட்டியிலும் எருக்குழி ஓரத்திலும் எலுமிச்சை மஞ்சளில் முளைப்பது அதுதான். குடைமேல் மாவு தூவியது போன்ற துகள்கள், விளிம்பில் மெல்லிய மடிப்புகள், தண்டில் சிறு வளையம் ஆகியவற்றால் அதை அடையாளம் காணலாம். அதன் பெயர் வரலாறே உங்களுக்கு ஒரு பாடம். 1788இல் ஜேம்ஸ் போல்ட்டன் என்ற இயற்கையியலாளர் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் பகுதியில் அதை விவரித்து அகாரிகஸ் லூட்டியஸ் என்று பெயரிட்டார். அந்தப் பெயர் முன்னரே வேறொரு காளானுக்கு இடப்பட்டிருந்ததால் செல்லவில்லை. 1839இல் பிராகா நகரின் கண்ணாடி வீடு ஒன்றில் பிர்ன்பாம் என்ற தோட்ட அதிகாரி கண்டெடுத்ததை வைத்துப் பூஞ்சையியலாளர் கோர்டா இட்ட பெயரே நிலைத்தது. வெப்பமண்டலக் காளான் ஒன்று ஐரோப்பியத் தொட்டிச் செடியின் மண்ணோடு போய் அங்கே பெயர் பெற்றது வேடிக்கைதான். பெயர் சூட்டுவதில் முந்தியவரும்கூடத் தோற்கலாம் என்பதையும் இது காட்டுகிறது.

நீங்கள் அனுப்பிய படத்தில் துகள்களும் வளையமும் இல்லை. குடையின் அடியில் தகடுபோல் அமைந்த செவுள்கள் தடித்து, இடைவெளி விட்டு, மெழுகின் பளபளப்போடு தண்டின்மீது சற்றே இறங்குகின்றன. இவை ஹைக்ரோசைபி பேரினத்தை நோக்கிக் கைகாட்டுகின்றன. ஆனால் அந்தப் பேரினத்தில் நிறத்தை நம்பவே கூடாது. ஆரஞ்சு நிறத்தில் பிறந்த குடை, இரண்டு நாள் மழையில் வெளுத்து மஞ்சளாகிவிடும். ஆகவே மொட்டு, விரிந்தது, முதிர்ந்தது என எல்லாப் பருவங்களையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் பார்த்துக் குறிக்க வேண்டும்.

பறிப்பதற்கு முன் அனுமதி. அந்தச் சோலை ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தால் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு காளானைக்கூட எடுக்கக் கூடாது. தோட்டத்தின் நிலமானால் நிர்வாகத்தின் ஒப்புதல் போதும். அனுமதியின்றி எடுத்த மாதிரியை நல்ல ஆய்விதழ்கள் ஏற்கத் தயங்கும் என்பதால், இது வெறும் சடங்கு அன்று.

எடுக்கும்போது தண்டை நறுக்காமல், அடிப்பகுதி முழுவதும் வரும்படி கத்தி நுனியால் மண்ணோடு நெம்பி எடுங்கள். மண்ணில் முளைத்ததா, மக்கிய சருகிலா, புதைந்த குச்சியிலா என்பது அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு வளர்ச்சிப் பருவத்திலும் குறைந்தது இரண்டு மூன்று தேவை. அதற்கு மேல் இருப்பவற்றை விட்டுவிடலாம். அன்று மாலைக்குள் எழுதி முடிக்க வேண்டியவை உண்டு: குடையின் அகலம், தண்டின் நீளமும் தடிமனும் மில்லிமீட்டரில், மேற்பரப்பு வழவழப்பானதா, வறண்டதா, விளிம்பில் கோடுகள் தெரிகின்றனவா, தண்டைத் தொடும் செவுள்கள் எத்தனை, அவற்றுக்கிடையே குட்டைச் செவுள்கள் எத்தனை வரிசை, நசுக்கினால் நிறம் மாறுகிறதா, மணம் என்ன, அருகே நிற்கும் மரங்கள் எவை. உலர்ந்த பிறகு இவற்றில் பெரும்பகுதி மறைந்துவிடும். மஞ்சளும் போய்விடும், எஞ்சுவது பழுப்புச் சுருக்கம் மட்டுமே. சுவைத்துப் பார்ப்பதைத் தவிர்த்துவிடுங்கள். பெயர் தெரியாத காளானில் அது தேவையற்ற துணிச்சல்.

ஒரு குடையைத் தண்டின்றி, செவுள்கள் கீழ்நோக்கியிருக்க, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் வைத்துக் கிண்ணத்தால் இரவு முழுதும் மூடிவையுங்கள். விழும் ஸ்போர் தூள் (காளான் பரவ உதவும், விதை போன்ற நுண்துகள்கள்) வெள்ளையானால் ஹைக்ரோசைபி என்ற ஊகம் வலுப்பெறும். இளஞ்சிவப்பானால் என்டொலோமா, புளூட்டியஸ் பக்கம் போக வேண்டும். உங்கள் தேடலே வேறு திசைக்கு மாறிவிடும். மற்ற மாதிரிகளை 40 முதல் 45 டிகிரி செல்சியஸில், ஒடித்தால் முறியும் அளவுக்கு உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பையில் அடையுங்கள். மழைக்கால வெயிலை நம்பி முற்றத்தில் பரப்பினால் மறுநாளே பூசணம் பிடித்துவிடும். அதிக சூட்டில் வெந்த மாதிரியும் ஆய்வுக்கு உதவாது. ஈரமாக இருக்கும்போதே செவுளில் ஒரு சிறு துண்டை எடுத்துத் தனிக் குப்பியில் சிலிக்கா ஜெல்லில் இட்டு வைத்தால் டிஎன்ஏ ஆய்வுக்குப் பயன்படும்.

இதற்கு அப்பால் ஆய்வகம் வேண்டும். நுண்ணோக்கியில் ஆயிரம் மடங்கு பெரிதாக்கி, குறைந்தது முப்பது ஸ்போர்களையாவது நீள அகலத்தோடு அளப்பார்கள். அயோடின் கலந்த மெல்சர் கரைசலில் ஸ்போர் நீலமாகிறதா என்றும், பூஞ்சை இழைகளின் செல்களுக்கிடையே கொக்கி போன்ற கொண்டி இணைப்புகள் உள்ளனவா என்றும், குடையின் மேல்தோல் எப்படி அமைந்திருக்கிறது என்றும் பார்ப்பார்கள். ஹைக்ரோசைபியில் புதியவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. ஸ்போர்களைத் தாங்கும் பெசிடியங்கள் வழக்கமாக நான்கு ஸ்போர்களை உருவாக்கும். சிலவற்றில் இரண்டு மட்டுமே இருக்கும், அப்போது ஒவ்வொரு ஸ்போரும் பெரிதாகிவிடும். இதைக் கவனிக்காமல் ‘ஸ்போர் பெரியது, ஆகவே புதியது’ என்று எழுதிவிட்டால் முடிவே தவறாகிவிடும்.

டிஎன்ஏவில் ஐடிஎஸ் என்ற பகுதியே 2012 முதல் பூஞ்சைகளுக்கான பொது அடையாளக் குறியாக ஏற்கப்பட்டுள்ளது. அதை வரிசைப்படுத்தி ஜென்பேங்க் தரவுத்தளத்தில் ஒப்பிட்டால், நெருங்கிய உறவுகள் தெரியும். ஆனால் அங்கே தவறான பெயரில் இடப்பட்ட வரிசைகளும் உண்டு. பழைய இனங்கள் பலவற்றின் வரிசையே இல்லாமலும் இருக்கும். ஒத்த வரிசை கிடைக்காதது, ஒத்த படம் கிடைக்காததைப் போன்றதே.

எனவே பழைய பெயர்களை ஒவ்வொன்றாக விலக்கியே ஆக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காளானுக்கு நான் முதலில் தேடச் சொல்வது இலங்கையில். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் த்வெய்ட்ஸ் சேகரித்து அனுப்பிய காளான்களை வைத்து ஆங்கிலேயப் பூஞ்சையியலாளர்கள் பெர்க்லியும் புரூமும் 1870களில் ஏராளமான இனங்களுக்குப் பெயரிட்டார்கள்; பின்னர் பூஞ்சையியலாளர் பெட்ச் பேராதனையிலேயே பணியாற்றி மேலும் பல இனங்களைச் சேர்த்தார். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் டேவிட் பெக்லர் அந்த மூல மாதிரிகளை மீண்டும் நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1986இல் இலங்கையின் செவுள் காளான்களைப் பற்றி நூலாக்கினார். இரு மலைத்தொடர்களின் காடுகளும் உறவுடையவை என்பதால், அங்கே பெயரிடப்பட்டது இங்கே முளைப்பதில் வியப்பில்லை. அடுத்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடராஜன் குழுவினர் தென்னிந்தியக் காளான்களைப் பற்றி எழுதியவற்றையும், கேரளத்தில் பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, கோழிக்கோடு பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் எழுதியவற்றையும் பார்க்க வேண்டும். இந்தப் பணியை நீங்கள் தனியே செய்ய இயலாது. உலர்ந்த மாதிரி, களக்குறிப்பு, படங்கள் மூன்றையும் சேர்த்து, காளான் வகைப்பாட்டில் பயிற்சி பெற்ற ஆய்வாளர் ஒருவரை அணுகுங்கள். கண்டெடுத்தவரை இணை ஆசிரியராகச் சேர்ப்பது பற்றி முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

புதியதுதான் என்று உறுதியானால், பெயர் செல்லுபடியாக விதிகள் உண்டு. ஒரே ஒரு மாதிரியை ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி எனக் குறித்து, உலர் மாதிரிகளைக் காக்கும் எந்த உலர்தாவரகத்தில் அது வைக்கப்பட்டது என்று கூற வேண்டும். விவரணை லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். 2013 முதல், மைக்கோபேங்க், இண்டெக்ஸ் ஃபங்கோரம், ஃபங்கல் நேம்ஸ் ஆகிய பூஞ்சைப் பெயர்ப் பதிவகங்களில் ஒன்றிலிருந்து பெற்ற பதிவெண்ணும் கட்டுரையில் இடம்பெற வேண்டும். நாளிதழில் செய்தி வந்தால் பெயர் பிறந்துவிடாது. இந்திய உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002இன் 39ஆம் பிரிவுப்படி, புதிய இனத்தைக் கண்டறிந்தவர் அதை அரசு குறித்துள்ள காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும்.

பாட்டியின் பெயரைச் சூட்டத் தடையில்லை. பெண் பெயரானால் லத்தீன் முறைப்படி பெரும்பாலும் இறுதியில் ‘ஏ’ ஒட்டு வரும். அதே பேரினத்தில் அப்பெயர் முன்பே உள்ளதா என்பதை மட்டும் இண்டெக்ஸ் ஃபங்கோரத்தில் முதலில் தேடிப் பாருங்கள்.