நேற்றுப் போட்ட தளத்துக்கு இன்று எதற்குத் தண்ணீர்?

(வாசகர் கேள்விகளுக்கு, 38 வருடம் சைட்டில் நின்று ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் பதில் தருகிறார்.)

கே: ஞாயிற்றுக்கிழமை மாடித் தளம் போட்டோம். திங்கள் காலையிலேயே கல் மாதிரி ஆகிவிட்டது. மேஸ்திரியோ பத்து நாள் தண்ணீர் கட்டச் சொல்கிறார். காய்ந்ததை மறுபடி நனைப்பானேன்?
– ஒரு வாசகி, தேனி

ப: காய்வதற்கு அது என்ன வடாமா அம்மா? சிமெண்டும் தண்ணீரும் வினைபட்டு இறுகுவதுதான் கான்கிரீட். ஈரம் இருக்கிற வரைக்கும் அந்த வினை நடக்கும். வற்றினால் பாதியில் நின்றுவிடும். மறுநாள் நீங்கள் பார்த்த கெட்டி ஒரு பங்குதான். நாங்கள் கணக்குப் போடுவது 28ஆம் நாள் பலத்தை வைத்து.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. ஒரே கலவையில் 15 சென்டிமீட்டர் க்யூப் இரண்டு எடுத்து, ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் போட்டேன், ஒன்றைச் சித்திரை வெயிலில் ஷெட் மேல் வைத்தேன். 28ஆம் நாள் மெஷினில் வைத்து நசுக்கினோம். வெயிலில் கிடந்தது வெகு சீக்கிரம் கையை விரித்துவிட்டது. அதன் மேல்முகத்தைச் சாவியால் கீறினால் மாவாக உதிர்ந்தது.

அதனால் பாத்தி கட்டி, விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட். அதற்குப் பத்து நாளாவது வேண்டும். தூண்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நனைத்த சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள்.

இவ்வளவு சொன்ன மேஸ்திரி, கலக்கும்போது எவ்வளவு தண்ணீர் விட்டார் என்று பார்த்தீர்களா? சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவையில் 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 30 லிட்டர்தான் உச்சவரம்பு. மணலில் இருக்கும் ஈரமும் அதில் அடக்கம். நீங்கள் டீ வாங்கப் போன நேரம் பார்த்து ஹோஸைத் திருப்பிவிடுவார்கள். கூழாக இருந்தால் தள்ளிவிடுவது சுலபம். அந்த உபரித் தண்ணீர் பின்னால் ஆவியாகி, இருந்த இடத்தில் ஓட்டையை விட்டுவிட்டுப் போகும். மழைக்காலத்தில் தளம் ஒழுகும்போதுதான் அது தெரியவரும்.

கே: சிமெண்ட் வருவதற்கு முன் கான்கிரீட்டே கிடையாது என்கிறான் என் மகன். சரியா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

ப: ரோமில் இருக்கும் பாந்தியன் கோயில் படத்தை அவனுக்குக் காட்டுங்கள். 43 மீட்டர் அகலக் குவிமாடம், உள்ளே ஒரு கம்பி கிடையாது. சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் கலந்த கான்கிரீட். மேலே போகப் போகக் கனம் குறைந்த நுரைக்கல்லைப் போட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 1900 வருடமாக நிற்கிறது. நம் பக்கத்துக்கு முல்லைப் பெரியாறு அணை. 1895இல் முடிந்த அதன் உடம்புக்குள் இருப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது செங்கல் பொடியும், சேர்ந்த கான்கிரீட்தான்.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824இல் காப்புரிமை வாங்கியவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின். கொத்தனார். கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு 1867இல் காப்புரிமை வாங்கிய பிரெஞ்சுக்காரர் ஜோசப் மோனியே தோட்டக்காரர். தொட்டி உடையாமல் இருக்கத்தான் கம்பி வைத்தார். எங்கள் படிப்பெல்லாம் இவர்களுக்கு அப்புறம் வந்ததுதான்.

கே: கடலோர ஊர். போர் தண்ணீர் கரிக்கிறது. கான்கிரீட்டுக்கு ஆகுமா? ரோமானியர்கள் கடல் தண்ணீரிலேயே கலந்தார்களாமே?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

ப: கலந்தார்கள், துறைமுகச் சுவர்களுக்கு. அவர்கள் கான்கிரீட்டுக்குள் கம்பி இல்லை, துருப்பிடிக்க ஒன்றுமில்லை. உங்கள் தளத்தில் இருக்கிறது. உப்பு கம்பியைத் துருவாக்கும், துரு பருக்கும், சீலிங் பெயர்ந்து விழும். ஒரு பாட்டில் தண்ணீரை லேபில் கொடுத்துப் பாருங்கள். குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் லாரித் தண்ணீர்தான். பாத்தி கட்டவும் அதே தண்ணீர்.