பெரிய எண் வந்தால் நோட் ஜேஎஸ் சர்வர் உறைந்துவிடுகிறது. பகா எண்ணா என்று எப்படிச் சோதிப்பது?

பயனர் அனுப்பும் எண்ணை 2 முதல் வர்க்கமூலம் வரை லூப் போட்டு வகுத்துப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறேழு இலக்க எண்ணுக்கு அதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் 999999999999999989 என்ற பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வர்க்கமூலம் ஏறக்குறைய 100 கோடி. ஒற்றைப்படை எண்களால் மட்டும் வகுத்தாலும் 50 கோடி முறை சுற்ற வேண்டும். நோட் உங்கள் நிரலை ஒரே த்ரெட்டில் ஓட்டுவதால், அந்த ஒரு கணக்கு முடியும்வரை மற்ற எல்லோருடைய கோரிக்கைகளும் காத்துக் கிடக்கும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. அதே எண்ணை ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண நம்பராக மாற்றிப் பாருங்கள்: 1000000000000000000 என்று வரும். 9007199254740992-ஐத் தாண்டிய முழு எண்கள் எல்லாவற்றையும் அதனால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. பகா எண் உள்ளே வரும்போதே இரட்டை எண்ணாகிவிடுகிறது. பிழைச் செய்தி ஏதுமின்றித் தவறான விடை போய்ச் சேர்கிறது. ஆகவே வரும் சரத்தில் இலக்கங்கள் மட்டும்தான் உள்ளனவா என்று பாருங்கள், நீளத்துக்கு உச்சவரம்பு வையுங்கள், பிறகு நேரடியாக, பெரிய முழு எண்களையும் துல்லியமாக வைத்துக்கொள்ளும் பிக்இன்ட் வகைக்கு மாற்றுங்கள்.

சோதனைக்கு, லூப் போட்டு வகுக்காமல் அடுக்குகளின் மீதியை வைத்தே முடிவு சொல்லும் மில்லர்–ராபின் முறையைப் பயன்படுத்துங்கள். கடைசி மீதி 1 வருகிறதா என்று மட்டும் பார்க்கும் ஃபெர்மா சோதனையே போதும் என்று சிலர் சொல்வார்கள், போதாது. 561 என்பது 3 × 11 × 17. ஆனாலும் 2-இன் 560-ஆம் அடுக்கை 561-ஆல் வகுத்தால், பகா எண்ணுக்கு வருவதுபோலவே மீதி 1 வருகிறது. மில்லர்–ராபின் அந்த 1 எப்படி வந்தது என்றும் பார்க்கிறது. 560-ஐ இரண்டு முறை பாதியாக்கினால் 140; 2-இன் 140-ஆம் அடுக்கில் மீதி 67. அதை வர்க்கப்படுத்தினால் 280-ஆம் அடுக்கிலேயே 1. பகா எண்ணாக இருந்தால் 1-க்கு முந்தைய மீதி 1 அல்லது 560 ஆகத்தான் இருக்க முடியும். 67 வந்ததுமே குட்டு வெளிப்பட்டுவிட்டது.

64 பிட்டுக்குள் அடங்கும் எண்ணுக்கு 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களை அடிமானமாக (மேலே 2 இருந்த இடத்தில்) வைத்துச் சோதித்தால் விடை உறுதியானது. நிகழ்தகவுக்கு அங்கே இடமே இல்லை. அடுக்கை முழுதாகக் கணக்கிட்டுவிட்டு வகுக்காதீர்கள், ஒவ்வொரு பெருக்கலுக்குப் பின்னும் மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 0, 1 ஆகியவற்றுக்கு முதலிலேயே 'இல்லை' என்றும், அந்த 12 பகா எண்களுக்கு 'ஆம்' என்றும் சொல்லிவிடுங்கள்.

சொந்தமாக எழுத வேண்டிய கட்டாயம் இல்லையென்றால், நோட்டின் கிரிப்டோ மாட்யூலில் இருக்கும் செக்பிரைம் போதும். பிக்இன்ட்டை அப்படியே ஏற்கும், கணக்கை வேறு த்ரெட்டில் செய்யும். அதன் பக்கத்திலேயே இருக்கும் செக்பிரைம்சிங்க்கை மட்டும் சர்வரில் பயன்படுத்தாதீர்கள். அது முதன்மை த்ரெட்டிலேயே ஓடும்.