தங்கை வீட்டிலேயே பிள்ளை பெறுகிறேன் என்கிறாள்

கேள்வி: மலேசியாவில், பினாங்கு நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். தங்கைக்கு இது இரண்டாவது பிள்ளை, எட்டாவது மாதம். முதல் பிரசவத்தில் ஆஸ்பத்திரியில் பட்டது போதும், இந்த முறை வீட்டில்தான் என்கிறாள். பாட்டி வேறு, "அஞ்சையும் தோட்டத்து லயத்து வீட்டுலதான் பெத்தேன்" என்று ஏற்றிவிடுகிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: முதலில் அவளைத் திட்டாதீர்கள். வீட்டில் பெறும் பெண்களை விவரம் தெரியாதவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் கிராமப்புறங்களில் பெரும்பாலும் நியாயமான காரணம் இருக்கும். ராத்திரியில் வண்டி கிடைக்காது, மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, போனால் ஆபரேஷன் செய்துவிடுவார்களோ என்ற பயம். உட்பகுதி ஒராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமங்களில் மழை பெய்தால் பாதையே இருக்காது.

உங்கள் ஊரில் பாதை பிரச்சினை இல்லை. அவளுக்கு வலித்தது வேறு. "அங்கே என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருங்கள். தனியாக விட்டார்கள், கத்தாதே என்று அதட்டினார்கள், சொல்லாமல் கொள்ளாமல் கைவைத்துச் சோதித்தார்கள்: நான் அதிகம் கேட்பது இவைதான். இதற்கு மாற்று உண்டு. பல அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறையில் கணவர் கூட இருக்கலாம். உங்கள் ஆஸ்பத்திரியில் நடைமுறை என்ன என்று கிளினிக் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) இப்போதே கேளுங்கள். போன தடவை நடந்ததையும் அவரிடம் சொல்லுங்கள்.

பாட்டி சொல்வது பொய்யில்லை. ஆனால் 1957இல் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்குச் சுமார் 280 தாய்மார் இறந்தார்கள். அவர்கள் கதை சொல்ல வரமாட்டார்கள்.

நான் பயப்படுவது ரத்தப்போக்குக்குத்தான். நஞ்சுக்கொடி விழுந்ததும் கர்ப்பப்பை கல் மாதிரி இறுக வேண்டும். இறுகாவிட்டால் ரத்தம் நிற்காது. எந்தக் கோளாறும் இல்லாத தாய்க்கும் இது வரும், யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கைலியிலும் மெத்தையிலும் ஊறிப்போகும் ரத்தத்தை வீட்டில் இருப்பவர்கள் எப்போதும் குறைவாகத்தான் மதிப்பிடுவார்கள். அரை லிட்டர் தாண்டினாலே ஆபத்து. இரண்டு மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த கையோடு ஆக்ஸிடோசின் ஊசி போடுவார்கள். தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றுவார்கள். லயத்தில் இது எதுவும் கிடையாது.

கிளினிக் புத்தகத்தில், ஆபத்து எவ்வளவு என்று காட்டும் ஸ்டிக்கர் என்ன நிறம் என்று பாருங்கள். சிவப்பு, மஞ்சள் என்றால் வீட்டுப் பேச்சுக்கே இடமில்லை. வெள்ளை என்றாலும் மிஸ்ஸியைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். பதிவு பெறாதவர் பிரசவம் பார்ப்பதை 1966ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டம் தடுக்கிறது. பாட்டிக்குத் தெரிந்த, பிரசவம் பார்க்கும் ஆயாவைக் கூப்பிடும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

சரி, ஏற்பாடு. யார் கார், மூத்த பிள்ளை யாரிடம் என்று இந்த வாரமே பேசி முடியுங்கள். இரண்டாவது பிரசவம் வேகமாக வரும். வலி ஒழுங்காக விட்டுவிட்டு வர ஆரம்பித்ததுமே கிளம்புங்கள், பனிக்குடம் உடைந்தால் வலிக்குக் காத்திருக்காதீர்கள். அதையும் மீறி வழியில் பிறந்துவிட்டால் 999க்கு அழையுங்கள். பிள்ளையைத் துடைத்துத் தாயின் மார்பில் போட்டுப் போர்த்துங்கள். தொப்புள்கொடியை இழுக்கவும் வேண்டாம், வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டவும் வேண்டாம்.