படுக்கிற இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்: மேல் பழனிமலையில் ஊர்விட்டு ஊர் நடை (கேள்வி பதில்)

நான் கொடைக்கானல் பக்கத்துப் பெருமாள்மலைக்காரன். இருபது வருடத்துக்கு மேலாக இந்த மலையில் நடக்கிறேன். மழை விட்டதும் மூன்று நான்கு நாள் நடக்கலாம் என்று நினைக்கிற பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து, தெரிந்தவரை எழுதியிருக்கிறேன்.

ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி, குடில் குடிலாகத் தங்கி நடந்துவிட்டு வந்தேன் அண்ணா. ராத்திரி சுடச்சுட சாப்பாடு, படுக்க கட்டில், காலையில் அடுத்த குடில். நம் கொடைக்கானலில் அப்படி ஏதாவது உண்டா? (மதுரைக்காரர், இப்போது பெங்களூரில்)

அதே மாதிரி இல்லை தம்பி. அங்கே மலையேறுவோர் சங்கங்கள் குடில் கட்டி நடத்துவது 1860-களிலேயே தொடங்கிவிட்டது. இங்கே காடு வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. அதற்குள் நம் இஷ்டத்துக்கு இரவு தங்க முடியாது, கூடாரம் அடிக்க முடியாது, அடுப்பு மூட்ட முடியாது.

ஆனால் நமக்கு ஊர்கள் இருக்கின்றன. கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று வரிசையாக வரும். எல்லா ஊரிலும் ஜனம் இருக்கிறது, அடுப்பு எரிகிறது. சில ஊர்களில் வீட்டுத் தங்கல் இருக்கிறது. ஆல்ப்ஸில் குடில் செய்கிற வேலையை இங்கே ஊர் செய்யும். அதனால் திட்டம் போடும்போது எந்தச் சிகரம், எந்த அருவி என்று தொடங்காதீர்கள். ராத்திரி யார் வீட்டில் படுக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, பகலை அதற்கேற்ப வெட்டிக்கொள்ளுங்கள்.

சரி, நான்கு நாளுக்கு ஒரு வழி சொல்லுங்கள். நாங்கள் நான்கு பேர், எல்லோரும் முப்பதுக்குள். (திருப்பூர்)

முதல் நாள் நடக்கவே வேண்டாம். கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்குப் பஸ்ஸில் போய்விடுங்கள். கீழே இருந்து ஒரே மூச்சில் 2,000 மீட்டர் உயரத்துக்கு வந்திருப்பீர்கள், உடம்புக்கு ஒரு ராத்திரி கொடுங்கள். சாயங்காலம் குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போய்விட்டு, படிப்படியாக இறங்கும் வயல்களைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். அந்த வயலில் விளையும் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டைத் தட்டிப்போட்டு வைக்கிற ரசத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

இரண்டாம் நாள் பூம்பாறையிலிருந்து மன்னவனூர். சாலைக் கணக்கில் சுமார் 15 கிலோமீட்டர். மூன்றாம் நாள் கவுஞ்சி வழியாகப் பூண்டி. நான்காம் நாள் கிளாவரை வரை நடந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொடைக்கானல் திரும்பலாம். பஸ் குறைவு, நேரமும் மாறும். முந்தின ராத்திரி தங்குகிற வீட்டிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த வழியின் பெரிய வசதி, எந்த ஊரிலும் நடையை நிறுத்திவிட்டுப் பஸ் ஏறலாம் என்பது. கால் பிசகினாலும் மழை பிடித்தாலும் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். பெரும்பாலும் சாலையும் தோட்டப் பாதையுமாகத்தான் இருக்கும். அதைக் குறையாக நினைக்காதீர்கள். உருளைக்கிழங்கு தோண்டுகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசிக்கொண்டு நடப்பது அந்த வழியில்தான் கிடைக்கும். சாலையை விட்டுச் சோலைக்குள் இறங்க வேண்டும் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். அதில் இரண்டு பேச்சு இல்லை.

15 கிலோமீட்டர் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுமே? (அதே திருப்பூர் குழு)

சமதளத்தில் முடியும். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் அரை மணி நேரம் கூடுதல். 15 கிலோமீட்டரும் 300 மீட்டர் ஏற்றமும் என்றால் மூன்றரை மணி நேரம். முதுகில் பையோடு, நின்று பார்த்து, டீ குடித்து நடக்கிற நமக்கு நான் அதை இரட்டிப்பாக்குவேன். ஏழு மணி நேரம். காலை ஏழுக்குக் கிளம்பினால் மதியம் இரண்டு.

இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதற்குள் வீட்டு வாசலில் இருக்க வேண்டும். மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பவர் தெரியமாட்டார். ஆறரைக்கு முழு இருட்டு. என் ஆரம்ப நாட்களில் ஒருமுறை பதினொரு மணிக்குக் கிளம்பிவிட்டேன். மஞ்சுக்குள் இரண்டு முறை அதே வளைவுக்கு வந்து சேர்ந்தேன். கடைசியில் நாய் குரைக்கிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டுப் பாட்டி ஒரு கேள்வியும் கேட்காமல் கம்பளியை எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஏழு மணிக்கு மேல் ஒருநாளும் கிளம்பியதில்லை.

வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்குவது எப்படி? ஏறுவது நல்லதா, இறங்குவது நல்லதா? (பெரியகுளம், சென்னை என இருவர்)

எனக்கு ரொம்பப் பிடித்த வழி அது. வத்தலக்குண்டு பக்கமிருந்து மோட்டார் சாலை வருவதற்கு முன்னால் கொடைக்கானலுக்கு ஏறிய பழைய பாதை. வெள்ளைக்காரர்களை டோலியில் சுமந்து ஏற்றியதும் அதன் வழியேதான். நடுவழியில் இருக்கும் மலைக்கிராமமான வெள்ளகவிக்குச் சுமை இன்னமும் குதிரைகளின் முதுகில் போவதைப் பார்க்கலாம்.

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து அடிவாரத்துக் கும்பக்கரை வரை 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம். மூச்சு வாங்காது, ஆனால் முழங்கால் கழன்றுபோகும். இறக்கம் சுலபம் என்று வந்தவர்கள்தான் மறுநாள் படி இறங்க முடியாமல் நின்றிருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளுங்கள், அடியைச் சின்னதாக வையுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறுவதே மேல். ஆனால் அடிவாரத்தில் வெயில் கொளுத்தும் என்பதால் விடிவதற்குள் தயாராக வேண்டும். வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் இந்தப் பாதையில் கால் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கும்பக்கரை அருவியில் தண்ணீர் திடீரென்று பெருகும், அந்த மாதங்களை விட்டுவிடுங்கள்.

வெள்ளகவிக்குள் செருப்பு, ஷூ போட்டுக்கொண்டு நடக்க மாட்டார்கள். ஊரே கோயில் மாதிரி அவர்களுக்கு. ஊர் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள்.

பிப்ரவரி கடைசியில்தான் எனக்கு லீவு கிடைக்கும். அப்போது அனுமதி வாங்க முடியுமா? (சென்னை)

காட்டுப் பாதைகளுக்குக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. தீக்காலம் என்று பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மலையேற்றத்தை நிறுத்திவைப்பது வழக்கம். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளுக்கு இணையவழி முன்பதிவைத் தொடங்கியது. அங்கே பதிந்தால் வழிகாட்டியும் சேர்ந்து வருவார்.

தீயைப் பற்றி ஒன்று தெரிந்து வையுங்கள். தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரிகிற சூடு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். பயத்தில் நாமும் மேலேதான் ஓடுவோம். ஓடக் கூடாது. பக்கவாட்டில் விலகி, பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து கருகிய தரை, இதில் எது கிட்டே இருக்கிறதோ அங்கே போக வேண்டும். ஆளுயரப் புல்லுக்குள் ஒளியக் கூடாது.

உங்கள் லீவை ஜனவரிக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். மார்கழி பாதியிலிருந்து தை முடிய இந்த மலைக்கு நல்ல காலம். குளிர் கடுமையாக இருக்கும், பள்ளங்களில் உறைபனி விழும், ஆனால் வானம் தெளிவு. சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசுப் பஸ்ஸில் வந்தால் தேவையில்லை.

நானும் தோழியும் மட்டும் போகலாமா? கழிப்பறை வசதி எப்படி? (கோவையிலிருந்து ஒரு சகோதரி)

போகலாம் அம்மா. ஊர்வழிப் பாதையில் பெண்கள் குழுக்களை நானே பார்த்திருக்கிறேன். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டுக்காரரிடம் போனில் பேசுங்கள். வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிப்பறை வீட்டோடு சேர்ந்ததா, வெந்நீர் கிடைக்குமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல வீட்டுக்காரர் பொறுமையாகப் பதில் சொல்வார். எரிச்சல்படுகிறவர் வீட்டை விட்டுவிடுங்கள். எத்தனை மணிக்கு வந்து சேர்வோம் என்பதைச் சொல்லி வையுங்கள். பூம்பாறைக்கு அப்பால் போன் சிக்னலை நம்ப முடியாது. நாலு மணிக்கும் நீங்கள் வரவில்லை என்றால் தேடிவர ஒருவர் வேண்டும்.

நாப்கின்களைத் தாளில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வைத்துத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். அந்த ஊர்களில் குப்பை வண்டியை எதிர்பார்க்க முடியாது.

பையில் என்ன வைப்பது? அட்டைப்பூச்சிக்கு என்ன செய்வது? (பலர்)

வீட்டில் சாப்பாடும் கம்பளியும் கிடைக்கும் என்பதால் ஏழெட்டுக் கிலோவுக்கு மேல் வேண்டாம். மழைக்கோட்டு, ஒரு ஸ்வெட்டர், குல்லாய், மாற்றுச் சாக்ஸ் மூன்று ஜோடி, டார்ச், பணமாகக் கொஞ்சம் ரூபாய். ஸ்டீல் பாட்டில் எடுத்து வாருங்கள், ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை. புது ஷூவை மலையில் பழக்காதீர்கள், ஒரு மாதம் ஊரிலேயே போட்டு நடந்துவிட்டு வாருங்கள்.

அட்டைக்கு, சாக்ஸ் மேலே வேப்பெண்ணெய் தடவலாம், புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணியைக் கட்டலாம். கடித்தால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பினால் விட்டுவிடும்.

அட்டையைவிட நான் பயப்படுவது கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சிக்கு. புதரிலும் புல்லிலும் இருக்கிற அந்த உண்ணிப்பூச்சிக் குஞ்சு கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரும். வந்து சேர ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதற்குள் நடந்ததையே மறந்திருப்போம். அக்குள், இடுப்பு மாதிரி இடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும், ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் அடித்தால் டாக்டரிடம் "மலைக்காட்டில் நடந்தேன்" என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையில் குணமாகிற நோய் அது. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

காட்டுமாடு எதிரே வந்தால்? (திண்டுக்கல்)

நின்றுவிடுங்கள். கத்த வேண்டாம், கல் எறிய வேண்டாம், செல்ஃபி வேண்டவே வேண்டாம். அதற்கு வழி விட்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். கன்றோடு இருக்கும் மாடும் தனியாகத் திரியும் காளையும்தான் அதிக ஆபத்து. யானை நிற்கிறது என்று பேரிஜம் ஏரிப் பக்கம் வனத்துறை பாதையை மூடினால், வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

நீலகிரியில் முக்கூர்த்திக் காட்டுக்குள் பழைய குடில்கள் இருக்கிறதாமே? அங்கே குடில்விட்டுக் குடில் நடக்கலாமா? (குன்னூர்)

குடில்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரர் காலத்தில் டிரவுட் மீன் பிடிக்க வந்தவர்கள் தங்கியவை அவற்றில் உண்டு. இன்று அது தேசியப் பூங்கா, 78 சதுர கிலோமீட்டர்தான், வரையாடுகளின் வீடு. அந்தக் குடில்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்களின் உபயோகத்துக்கு. அதைச் சுற்றுலாவுக்குத் திறக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள், எனக்கு அதில் சம்மதம் இல்லை. பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்திக் குடில் வரை வனத்துறையே கூட்டிப்போகும் பகல் நடை இருக்கிறது, அது போதும். ஆடி, ஆவணியில் அந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது.

அம்மாவுக்கு 62 வயது. தினமும் நடப்பவர்தான், சர்க்கரை இருக்கிறது. அவரையும் கூட்டி வரலாமா? (தேனி)

தாராளமாகக் கூட்டி வாருங்கள். முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதிக நேரம் நடந்தால் சர்க்கரை இறங்கும், அதனால் மடியிலேயே கடலை மிட்டாயோ குளுக்கோஸோ இருக்கட்டும், மணிக்கொரு தரம் ஏதாவது கொறிக்கட்டும். ராத்திரி படுக்கும் முன் அவர் பாதத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொப்புளம் வந்தாலும் வலி தெரியாமல் போகலாம்.

அவருக்கு அந்த நான்கு நாள் வழி முழுக்க வேண்டாம். பூம்பாறையில் இரண்டு ராத்திரி, மன்னவனூரில் ஒன்று. நடுவில் அந்த 15 கிலோமீட்டரில் முடிந்தவரை நடக்கட்டும், களைத்த இடத்தில் பஸ்ஸைக் கை காட்டி ஏற்றிவிடுங்கள். மன்னவனூர் எழும்பள்ளம் ஏரிக்கரைப் புல்வெளியில் சாயங்காலம் அவரை உட்காரவைத்து, ஃபிளாஸ்கில் சுக்குக் காபி ஊற்றிக் கொடுங்கள். மன்னவனூரில் தங்க வீடு வேண்டுமானால் தேதியைச் சொல்லுங்கள், நானே கேட்டுச் சொல்கிறேன்.