உள்ளூர்த் தொலைக்காட்சி நிருபர்களில் உங்களைக் கவர்ந்தவர் யார்? அவருடைய பின்னணி, பணி, ஆர்வங்கள் பற்றிச் சொல்ல முடியுமா?

டான் ராதரைச் சொல்வேன். 1981 முதல் 2005 வரை சி.பி.எஸ். என்ற அமெரிக்கத் தேசியத் தொலைக்காட்சி நிறுவனத்தின் மாலைச் செய்தியை வழங்கியவராகவே பெரும்பாலோர் அவரை அறிவர். எனக்குப் பிடித்த ராதரோ அதற்கு 20 ஆண்டுகள் முன்பு ஹூஸ்டன் நகரின் கே.எச்.ஓ.யு. நிலையத்தில் நிருபராகவும் செய்திப் பிரிவின் பொறுப்பாளராகவும் இருந்தவர். அமெரிக்காவின் உள்ளூர் நிலையம் நம் ஊர் கேபிள் சேனலைப் போன்றதன்று. தேசிய நிறுவனம் ஒன்றின் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பிக்கொண்டே, தன் நகரத்துச் செய்திகளைத் தானே திரட்டித் தானே வழங்கும். அங்குள்ள நிருபர், நம் மாவட்டச் செய்தியாளரைப் போல காட்சிகளையும் பைட் எனப்படும் சிறு பேட்டித் துணுக்குகளையும் எடுத்துச் சென்னையிலுள்ள செய்திப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு, எது ஓடும் எது ஓடாது என்று காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

1961 செப்டம்பரில் 'கார்லா' புயல் மெக்சிகோ வளைகுடாவைக் கடந்து டெக்சாஸ் கரையை நெருங்கியபோது, ராதர் கேமராக் குழுவுடன் கால்வெஸ்டன் தீவுக்குப் போனார். 1900ஆம் ஆண்டுப் புயலில் குறைந்தது 6,000 பேரைப் பறிகொடுத்த பகுதி அது. அங்கிருந்த வானிலை அலுவலகத்தின் ரேடார் திரைக்கு முன்னால் அவர் கேமராவை நிறுத்தினார். கறுப்பு வெள்ளைத் திரையில் வெறும் வெண்சுழல் மட்டும் தெரிந்தால் வீட்டில் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது என்பதால், வானிலை அலுவலர் ஒருவரைக்கொண்டு பிளாஸ்டிக் தாளில் வளைகுடாவின் கரையோரத்தைத் தோராயமாக வரையச் செய்து, அதைத் திரையின்மேல் பிடித்துக் காட்டினார். புயலின் கண் எங்கே இருக்கிறது, அதன் சுற்றளவு எவ்வளவு, தங்கள் ஊர் அதற்குள் அடங்குகிறதா என்பதை மக்கள் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார்கள். ரேடார் படம் தொலைக்காட்சி நேரலையில் காட்டப்பட்டது அதுவே முதல் முறை என்பார்கள். அந்தப் புயலுக்கு முன் லட்சக்கணக்கானோர் கரையோரத்தை விட்டு வெளியேறினர்.

கொட்டும் மழையில் நின்றுகொண்டு மைக்கைப் பிடித்துக் கத்தும் இன்றைய வழக்கத்துக்கு மூலவர் இவர்தான் என்று கேலி செய்வோர் உண்டு. கடல் தடுப்புச் சுவரிலிருந்து அவரும் நேரலை தந்தவர்தான் என்பதால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் பயன்பட்டது அந்தப் பிளாஸ்டிக் தாள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது நான் அப்பகுதியில் செய்தியாளராக இருந்தேன். செல்போன் கோபுரங்கள் செயலிழந்ததும், அந்த அலைவரிசையை நம்பியே இயங்கும் நேரலைக் கருவி முதுகில் வெறும் சுமையானது. அதற்கு முந்தைய மாலையில் என்னை அழைத்தவர்களில் ஒருவர்கூடக் காற்று எப்படி வீசுகிறது என்று கேட்கவில்லை, "சார், கண்ணு எந்தப் பக்கமாப் போகும்? நாங்க எப்பக் கிளம்பணும்?" என்றுதான் கேட்டார்கள். ராதர் பதில் சொன்னது இந்தக் கேள்விக்குத்தான்.

அவர் பிறந்தது 1931 அக்டோபர் 31 அன்று, டெக்சாஸின் வார்ட்டன் என்ற சிற்றூரில். தந்தை எண்ணெய்க் குழாய் பதிப்பதற்குப் பள்ளம் தோண்டும் தொழிலாளி. சிறுவயதில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்த காலத்தில், லண்டனிலிருந்து போர்ச் செய்தி தந்த எட்வர்ட் மர்ரோவின் குரலை வானொலியில் கேட்டதே இந்தத் தொழில்மீது ஆசையை உண்டாக்கியது என்று அவரே பலமுறை கூறியிருக்கிறார். ஹண்ட்ஸ்வில் நகரின் சாம் ஹூஸ்டன் ஆசிரியர் கல்லூரியில் படித்துக்கொண்டே சிறிய வானொலி நிலையம் ஒன்றில் அமெரிக்கக் கால்பந்து வர்ணனை செய்தார். 1953இல் பட்டம் பெற்ற பிறகு நாளிதழ், வானொலி என்று மாறி மாறி உழைத்தே தொலைக்காட்சிக்கு வந்தார்.

கார்லாவைப் பார்த்த சி.பி.எஸ். 1962இல் அவரை அழைத்துக்கொண்டது. அதிபர் கென்னடி டெக்சாஸின் டல்லஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட 1963 நவம்பர் 22 அன்று அவர் அங்கே இருந்தார். பிறகு வெள்ளை மாளிகை, வியட்நாம் எனப் பணி விரிந்தது. 2004இல் அதிபர் புஷ்ஷின் ராணுவச் சேவை குறித்த செய்திக்கு அடிப்படையாக இருந்த ஆவணங்களின் நம்பகத்தன்மையை உறுதிசெய்ய முடியாமல் போகவே, நிறுவனம் வருத்தம் தெரிவித்தது; அடுத்த மார்ச்சில் அவர் அந்த நாற்காலியை விட்டு இறங்கினார். ஒளிபரப்பும் முன் ஆவணத்தைச் சரிபார்ப்பது எந்த நிருபருக்கும் அடிப்படைக் கடமை என்பதால், இந்த விஷயத்தில் அவருக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை.

ஆர்வங்கள் என்று பார்த்தால், தூண்டில் போட்டு மீன் பிடிப்பது அவருக்கு நெடுநாள் பழக்கம். தேர்தல் இரவுகளில் டெக்சாஸ் நாட்டுப்புறச் சொலவடைகளை அள்ளி வீசுவார். இசையிலும் ஈடுபாடு உண்டு. 80 வயதைக் கடந்த பிறகு, கேபிள் தொலைக்காட்சி ஒன்றுக்காகப் பாடகர்களையும் இசைக்கலைஞர்களையும் பேட்டி காணும் தொடரை நடத்தினார். அவர் எடுத்த அரசியல் பேட்டிகளைவிட இவற்றையே நான் விரும்பிப் பார்த்திருக்கிறேன். எதிரே இருப்பவரைப் பேசவிட்டுக் கேட்கும் பொறுமை இவற்றில்தான் கூடுதலாகத் தெரிகிறது.