மைனஸ் 21 வோல்ட்

அன்புள்ள சார்,

அப்பா 1984இல் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரைப் பரணிலிருந்து இறக்கினேன். ஆன் செய்தால் இரண்டு ஸ்பீக்கரிலும் ‘ம்ம்ம்’ என்று ஒரே இரைச்சல். வால்யூமைக் குறைத்தாலும் போகவில்லை. அவுட்புட் டிரான்சிஸ்டர் நான்கையும் மாற்றியும் பலனில்லை. டிரான்ஸ்ஃபார்மர் 24-0-24. சப்ளையில் பிளஸ் பக்கம் 33 வோல்ட், மைனஸ் பக்கம் 21 காட்டுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி வையுங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரைகிறது என்றால், கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்கும். அது சப்ளை, அதாவது ஏசியை டிசியாக்கித் தரும் பகுதி. டிரான்சிஸ்டரைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மர் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை. சென்டர் டேப்பிலிருந்து (24-0-24இல் நடுவில் உள்ள 0 வயர்) இரண்டு முனைகளுக்கும் ஏசி அளந்து பாருங்கள். சமமாக இருந்தால் விட்டுவிடலாம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்த 21தான். 24 வோல்ட் ஏசியின் உச்சம் ஏறக்குறைய 34. டையோடு 0.7 எடுத்துக்கொண்டால் மீதி 33. ஆக பிளஸ் பக்கம் சரி. அதே 34இன் சராசரி 21.6, டையோடு போக 21. ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் ஃபில்டர் கண்டென்சரே இல்லாத சப்ளையில் மல்டிமீட்டர் காட்டுவது இந்தச் சராசரியைத்தான். கண்டென்சர் வற்றிப்போயும் கொஞ்சமாவது வேலை செய்தால் 21க்கும் 33க்கும் இடையில் எங்காவது நின்றிருக்கும். உங்கள் மைனஸ் பக்கக் கண்டென்சர் சுத்தமாகத் துண்டித்துக் கிடக்கிறது. போர்டைத் திருப்பி, அதன் கால்களைச் சுற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஈயத்தில் மயிரிழை போல வட்டமாக ஒரு விரிசல் தெரிந்தால் செலவே இல்லை, மறுபடி சால்டர் வைத்தால் போதும்.

விரிசல் இல்லையென்றால் புது 4700 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் போடுங்கள். அதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு கண்டென்சரையும் 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாகச் சில வினாடி டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் வீரம் வேண்டாம். மைனஸ் பக்கக் கண்டென்சரின் பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும். நான் ஒருமுறை பழக்க தோஷத்தில் மாற்றி வைத்துவிட்டேன். அது ‘டமார்’ என்று வெடித்து, தலைமுடியில் சிக்கிய காகிதத் துணுக்குகளைப் பொறுக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

அப்புறம், எங்காவது தவறு இருந்தால் கரண்டை மட்டுப்படுத்த, 100 வாட் குண்டு பல்பை மெயின் லைனில் சீரிஸாகப் போட்டு ஆன் செய்யுங்கள், எல்இடி உதவாது. பல்பு வழியாக வரும்போது வோல்ட் குறைவாகத்தான் காட்டும், பயப்படாதீர்கள். இரண்டு பக்கமும் சமமாகக் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பல்பை எடுத்த பிறகு ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால்தான் ஸ்பீக்கரை மாட்டலாம்.

கழற்றிய டிரான்சிஸ்டர்களைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? மல்டிமீட்டரின் டையோடு ரேஞ்சில் சோதித்து, நன்றாக இருந்தால் அவற்றையே திரும்பப் போடுங்கள். இன்று கடையில் 2என்3055 என்று அச்சடித்துக் கிடைப்பதில் போலி நிறைய.