ரோவர் கார் கம்பெனியை அழித்தது பி.எம்.டபிள்யூ தானா? ரோவர் மறுபடி வருமா?

பி.எம்.டபிள்யூவுக்குப் பங்கு உண்டு, பெரிய பங்குதான். ஆனால் "ஜெர்மன்காரன் வாங்கினான், கெடுத்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1967-இலிருந்து 2005 வரை ரோவர் கைமாறிக்கொண்டே இருந்தது. வாங்கிய ஒருவர்கூட நல்ல ரோவர் கார் செய்து விற்க வேண்டும் என்பதற்காக வாங்கவில்லை, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கணக்கு. என்னைப் பொறுத்தவரை கம்பெனி செத்ததற்குக் காரணம் அதுதான்.

முதலில் அது எப்படிப்பட்ட கம்பெனி என்று தெரிய வேண்டும். இங்கிலாந்தில் சைக்கிள் செய்து கொண்டிருந்தவர்கள் 1904-இல் காருக்கு வந்தார்கள். வில்க்ஸ் சகோதரர்கள் கையில் இருந்த காலத்தில்தான் 1948-இல் லேண்ட் ரோவர் பிறந்தது, 1950-இல் கேஸ் டர்பைன் இன்ஜினில் ஓடும் காரை உலகிலேயே முதலில் ஓட்டிக் காட்டினார்கள். 1963-இல் வந்த பி6 காரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. அதில் காரின் பலம் முழுக்க உள்ளே இருக்கும் எஃகுக் கூட்டில்தான், வெளியே தெரியும் தகடுகள் எல்லாம் அதன்மேல் போல்ட் போட்டு மாட்டியவை. மட்கார்டு நசுங்கினால் ஸ்பேனரால் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' விருதை முதன்முதலில் வாங்கிய கார் அது. அதற்கு முந்தைய பி5 வரிசையின் வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) மாடலில்தான் 1979-இல் மார்கரெட் தாட்சர் பிரிட்டிஷ் பிரதமராக, பிரதமர் இல்லம் இருக்கும் டவுனிங் தெருவுக்குள் வந்து இறங்கினார். சின்ன கம்பெனி, ஆனால் இன்ஜினியர்கள் சொன்னது நடந்த கம்பெனி.

1967-இல் லாரி, பஸ் செய்யும் லேலண்ட் கம்பெனி அதை வாங்கியது, அடுத்த வருடமே ஆஸ்டின், மோரிஸ், ஜாகுவார், டிரையம்ஃப் என்று எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழ் வந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது. அரசாங்கத்தின் தூண்டுதலும் அதில் இருந்தது. கூட்டுக் குடும்பத்தில் ஒழுங்காகச் சம்பாதிக்கிற பிள்ளையின் கதிதான் அப்புறம் ரோவருக்கு. லேண்ட் ரோவர் கொண்டுவந்த லாபம் மற்றவர்களின் நஷ்டத்தை அடைக்கப் போனது. பி8 என்று ஒரு பெரிய காரைத் தயார் செய்து வைத்திருந்தார்கள், ஜாகுவாருக்குப் போட்டியாகிவிடும் என்று 1971-இல் அதை நிறுத்திவிட்டார்கள். சொந்த வீட்டுக்காரனே போட்டியாளன் ஆனால் என்ன செய்ய முடியும்? கடைசியில் 1975-இல் மொத்தமும் அரசு கைக்குப் போயிற்று.

1976-இல் வந்த எஸ்டி1 அழகான கார், அதுவும் ஐரோப்பிய விருது வாங்கியது. ஆனால் பெயின்ட் உரிந்தது, எலக்ட்ரிகல் கோளாறு ஓயவில்லை, பாதி நாள் வேலைநிறுத்தம். அந்தக் காருக்கென்றே சோலிஹல்லில் புதிதாகக் கட்டிய ஆலையை ஆறே வருடத்தில் மூடி, உற்பத்தியை காவ்லியில் இருந்த இன்னொரு ஆலைக்கு மாற்றினார்கள்.

அந்த எஸ்டி1 நம் ஊருக்கும் வந்தது, சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் 1985-இல் கொண்டுவந்த 'ஸ்டாண்டர்ட் 2000' அதே உடம்புதான். ஆனால் உள்ளே ரோவரின் வி8 கிடையாது, 1940-களின் ஸ்டாண்டர்ட் வேன்கார்டு காரில் இருந்த இன்ஜினைத் திருத்தி வைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு டாக்டர் வைத்திருந்தார். அம்பாசடர்களுக்கு நடுவே விமானம் இறங்கினது மாதிரி நிற்கும், கிளப்பினால் அந்தக் கம்பீரத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இருக்காது. பெட்ரோலையும் நன்றாகக் குடிக்கும். மூன்று நான்கு வருடத்தில் அதுவும் முடிந்துவிட்டது.

சரி, இங்கிலாந்துக்கு வருவோம். 1979 கடைசியில் ஹோண்டாவோடு போட்ட ஒப்பந்தம் ஒன்றுதான் இந்தக் கதையில் நிஜமாகவே உருப்படியான காரியம். ரோவர் 200, 800, 600 எல்லாம் ஹோண்டாவின் தொழில்நுட்பத்தோடு வந்தவை. ஆலையில் வேலை செய்கிற முறையே மாறியது, தரமும் ஏறியது. 1988-இல் தாட்சர் அரசு ரோவரை பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸுக்கு 15 கோடி பவுண்டுக்குக் கொடுத்தது. விமானக் கம்பெனிக்குக் கார் எதற்கு? அரசுக்குத் தலைவலி தீர வேண்டும், வாங்கியவர்களுக்கு மலிவான விலையில் நிலமும் சொத்தும் கிடைத்தன. ஐந்து வருடத்துக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை. அந்த ஐந்து வருடம் 1993-இல் முடிந்தது, 1994 ஜனவரியிலேயே பி.எம்.டபிள்யூவுக்கு 80 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். 20 சதவீதப் பங்கு வைத்திருந்து, அதைக் கிட்டத்தட்டப் பாதியாக உயர்த்தத் தயாராக இருந்த ஹோண்டாவுக்கு அது முதுகில் குத்து. என்னைக் கேட்டால் ரோவர் பிழைத்திருக்கக்கூடிய கடைசி வாய்ப்பு அன்றைக்குத்தான் போனது.

பி.எம்.டபிள்யூ பணத்தைக் கொட்டவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்கு ஆசை லேண்ட் ரோவர் மேலும், ரோவரோடு சேர்ந்து கைக்கு வந்த மினி என்ற சின்ன கார் மேலும். ரோவர் 75 என்ற ஒரு நல்ல கார் வந்தது, அதை அறிமுகப்படுத்திய விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறாது. 1998 அக்டோபர், பர்மிங்காம் கண்காட்சி. அத்தனை பத்திரிகைக்காரர்களும் கூடியிருக்கிறார்கள். அன்றைக்கே பி.எம்.டபிள்யூ தலைவர் பிஷெட்ஸ்ரீடர், ரோவரின் எதிர்காலத்துக்கு உடனடி நடவடிக்கை தேவை என்கிற ரீதியில் பேசிவைத்தார். மறுநாள் செய்தி காரைப் பற்றியா வரும்? ரோவரின் பெரிய ஆலையான லாங்பிரிட்ஜ் மூடப்படுமா என்றுதான் வந்தது. மூடப்போகிற கம்பெனியின் காரை யார் வாங்குவார்கள்? சில மாதத்தில் அவர் பதவியும் போனது.

2000-இல் பிரித்தார்கள். லேண்ட் ரோவர் ஃபோர்டுக்குப் போனது, மினியை பி.எம்.டபிள்யூ வைத்துக்கொண்டது, மிச்சம் இருந்த ரோவர் 10 பவுண்டுக்கு ஃபீனிக்ஸ் என்ற குழுவுக்கு. 200-க்கும் 400-க்கும் பதிலாக வரவிருந்த புது மாடலின் திட்டம் ஜெர்மனியிலேயே நின்றுவிட்டது. அதனால் 90-களின் காரையே பம்பர் மாற்றி, கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார் பெயரான எம்.ஜி. பட்டையை ஒட்டி விற்க வேண்டியதாயிற்று. ரோவரே செய்த கே-சீரிஸ் இன்ஜினும் பெயரைக் கெடுத்தது. ஹெட்டிலிருந்து அடிவரை நீளமான போல்ட்டுகளால் இறுக்கிய, ரொம்ப லேசான, நிஜமாகவே கெட்டிக்காரத்தனமான இன்ஜின். 1.4 லிட்டருக்கு நினைத்ததை 1.8 வரை இழுத்தார்கள், இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போக ஆரம்பித்தது. சின்ன காருக்கு வழியில்லாமல் 2003-இல் புனேயில் செய்த டாடா இண்டிகாவையே 'சிட்டிரோவர்' என்று விற்றார்கள். இண்டிகா நம் ஊருக்கு நல்ல கார், அதை ரோவர் விலைக்கு விற்றதுதான் தப்பு.

சீனாவின் எஸ்.ஏ.ஐ.சி. என்ற கார் கம்பெனி வந்து காப்பாற்றும் என்று நம்பினார்கள். அவர்கள் 25, 75 கார்களின் வடிவமைப்பு உரிமையையும் இன்ஜின் உரிமையையும் 6.7 கோடி பவுண்டுக்கு வாங்கிக்கொண்டார்கள். தேவையானது கைக்கு வந்த பிறகு கம்பெனி எதற்கு? 2005 ஏப்ரலில் ரோவர் திவாலானது, சுமார் 6,000 பேருக்கு வேலை போனது. ஆலையின் இயந்திரங்களை நான்ஜிங் என்ற இன்னொரு சீனக் கார் கம்பெனி வாங்கிக் கழற்றிக் கப்பலில் ஏற்றியது. ஃபீனிக்ஸின் நான்கு முதலாளிகளும் தலைமை நிர்வாகியும் சேர்ந்து சம்பளம், ஓய்வூதியம் என்று சுமார் 4.2 கோடி பவுண்டு எடுத்திருந்தார்கள் என்று 2009-இல் அரசு விசாரணை அறிக்கை சொன்னது. தொழிலாளர்களுக்கென்று சொன்ன நல நிதியில் பிரித்துக் கொடுக்க ஒன்றும் தேறவில்லை. எனக்கு ரொம்பக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

மறுபடி வருமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. ரோவர் என்ற பெயரை 2006-இல் ஃபோர்டு வாங்கியது, கார் செய்ய அல்ல, வேறு யாராவது வாங்கி லேண்ட் ரோவர் பெயரோடு குழப்பம் உண்டாக்கக்கூடாது என்று. 2008-இல் ஜாகுவார் லேண்ட் ரோவரோடு சேர்ந்து அந்தப் பெயரும் டாடாவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயரில் ஒரு கார்கூட வரவில்லை. ரேஞ்ச் ரோவர் இந்த அளவுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது வெறும் ரோவரைத் திரும்பக் கொண்டுவர டாடாவுக்கு எந்த அவசியமும் இல்லை.